வேலையை விட்டுவிட்டு வாத்தியார் ஆகிவிடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 32 வயது, சொந்த ஊர் மேலூர் பக்கம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து 10 வருடமாக சாஃப்ட்வேர் வேலை. கம்பெனி பெங்களூரில், மாதம் ஒரு வாரம் அங்கே, மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைகளில் மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பைத்தான் (புரோகிராம் எழுதும் ஒரு மொழி) வகுப்பு எடுக்கிறேன். வாரம் முழுக்கக் கிடைக்காத நிம்மதி அந்த 3 மணி நேரத்தில் கிடைக்கிறது. இப்போது ஓர் இன்ஜினியரிங் கல்லூரி கரஸ்பாண்டென்ட், "முழுநேரமா வந்துடுங்க" என்று கூப்பிடுகிறார். சம்பளம் இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வீட்டுக் கடன் இன்னும் 11 வருடம் இருக்கிறது. மனைவி "உங்க இஷ்டம்" என்கிறார். அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார். மேனேஜர், "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதே, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு" என்கிறார். இன்னொரு சங்கடம்: போன வாரம் ஒரு மாணவி, பைத்தானில் பல பொருள்களை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டைப் பற்றி, "லிஸ்ட்ல எண்ணிக்கை ஏன் சார் 0லருந்து ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். "அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இருக்கிறதா? ஏ.ஐ. வந்த பிறகு நாம் சொல்லிக்கொடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்:

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வேலையை விடாதீர்கள். சனிக்கிழமை வகுப்பையும் விடாதீர்கள். கரஸ்பாண்டென்ட்டிடம், "முழுநேரமாக இப்போது முடியாது, வாரம் ஒரு நாள் வந்து ஒரு பேப்பர் எடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அம்மாவிடம் இன்றைக்கே "வேலையை விடலம்மா" என்று சொல்லிவிடுங்கள். அவர் பயப்படுவது அந்த 11 வருடக் கடனை நினைத்துத்தான். மனைவியின் "உங்க இஷ்டம்" சம்மதம் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இ.எம்.ஐ., மளிகை, அம்மாவின் மருந்து, ஊர் விசேஷங்களுக்குச் செய்யும் மொய் வரைக்கும் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கைப் போடாமல் யார் சொல்லும் யோசனையையும் கேட்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான்.

நீங்கள் செய்ய நினைப்பதை நான் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு 24 வருடம். சென்னை, பெங்களூர் என்று இருந்துவிட்டு 2012இல் மதுரைக்குத் திரும்பினேன். அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தேன். அங்கே 14 மாதம் இருந்தேன்.

வகுப்பறை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த வேலையில் வகுப்பறை ஒரு பகுதிதான் என்பது சேர்ந்த பிறகே தெரிந்தது. வாரம் 16 மணி நேரம் வகுப்பும் லேபும். மற்ற நேரமெல்லாம் கோர்ஸ் ஃபைல், என்.பி.ஏ. (தர அங்கீகாரம்) ஃபைல், மாணவர்கள் பாட இலக்கை எவ்வளவு எட்டினார்கள் என்ற சி.ஓ.–பி.ஓ. அட்டைன்மென்ட் கணக்கு, இன்டர்னல் மார்க் ஏற்றுவது, தேர்வுக் கண்காணிப்பு, வராத மாணவனின் வீட்டுக்கு போன் போடுவது. கோடை விடுமுறையில் அட்மிஷன் கேன்வாசிங். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் வேனில் கிளம்பிப்போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "எங்க காலேஜ்ல சேருங்க" என்று கேட்க வேண்டும். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. என்னால் முடியவில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல்தான் மறுநாள் வகுப்புக்குத் தயாராக நேரம் கிடைத்தது. போகப்போக என் வகுப்பின் தரமே குறைந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

சம்பளம் இரண்டு முறை மூன்று மாதம் தள்ளி வந்தது. சேரும்போது "ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுங்க, வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது அவற்றைத் திரும்ப வாங்க எனக்கு நான்கு மாதம் அலைச்சல். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நீங்கள் நாளைக்கு எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினலைக் காட்டுங்கள், சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். "எல்லாரும் கொடுத்திருக்காங்க" என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்துக் கிடைக்காத ஒரு விஷயம், அவர்கள் உங்களுக்கு என்ன பதவி தருகிறார்கள் என்பது. நீங்கள் பி.இ. மட்டும் முடித்திருக்கிறீர்கள். தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதிப்படி இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பி.இ.யோடு எம்.இ. அல்லது எம்.டெக். வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். கலை அறிவியல் கல்லூரி என்றால் முதுகலையும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். இவை இல்லாமல் உங்களை முழுநேரமாக எடுத்தால் "டிரெய்னர்", "பிளேஸ்மென்ட் கோஆர்டினேட்டர்" என்று ஏதாவது ஒரு பெயரில்தான் எடுப்பார்கள். அந்த வருடங்கள் பின்னால் ஆசிரியப் பணி அனுபவமாகக் கணக்கில் வராமல் போகலாம். "எம்.இ. அப்புறம் பண்ணிக்கலாம் சார்" என்று வாயால் சொல்வதை நம்பி 10 வருட வேலையை விடக் கூடாது. நியமன உத்தரவில் பதவி, சம்பளம், வகுப்பு நேரம் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சம்பளத்தையும் பார்த்துவிடுவோம். 7வது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பல சுயநிதிக் கல்லூரிகளில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019இல் சொன்னது. அதற்கு வெகு கீழே வாங்கிக்கொண்டு பல வருடம் வகுப்பெடுத்தவர்களை இந்த ஊரிலேயே பார்க்கலாம். கரஸ்பாண்டென்ட் உங்களுக்குச் சொல்லும் தொகை இதனால்தான் அப்படி இருக்கிறது. அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை.

அப்படியானால் கல்லூரிப் பக்கமே போக வேண்டாமா என்றால், போகலாம், ஆனால் நீங்கள் தயாராகிப் போக வேண்டும். பகுதிநேர எம்.இ. மூன்று வருடம். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று கேட்பார்கள், அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கேட் நுழைவுத் தேர்வு எழுதி முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, ஆனால் உங்கள் இ.எம்.ஐ.க்கு அது தாங்காது. இன்னொரு கதவும் இருக்கிறது. 2022இல் யு.ஜி.சி. "புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்" என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. தன் துறையில் குறைந்தது 15 வருடம் வேலை பார்த்துப் பெயர் எடுத்தவர்களைக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளலாம், முனைவர் பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் 3 வருடம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு வருடம். அது நிரந்தர வேலை கிடையாது. ஆனாலும் ஒரு கணக்குப் போடுங்கள். இன்றைக்கு 32. 37 வயதில் உங்களுக்கு 15 வருட அனுபவம் ஆகிவிடும், எம்.இ.யும் கையில் இருக்கும், கடனில் 6 வருடம்தான் பாக்கி. இதே கரஸ்பாண்டென்ட் அப்போது கூப்பிட்டால் நீங்கள் உட்காரும் நாற்காலியே வேறு.

இனி மேனேஜர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கவலைப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. சட்டப்படி அதைச் சரி செய்துவிடுங்கள். உங்கள் நியமன ஒப்பந்தத்தில் வேறு வேலை பார்ப்பது பற்றிய பிரிவை எடுத்துப் படியுங்கள். 2022 செப்டம்பரில், போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி பொது மேடையில் சொன்னார். அதிலிருந்து எல்லா ஹெச்.ஆர்.களும் இந்த விஷயத்தில் உஷாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை கல்லூரி வகுப்பு அந்த மாதிரி இல்லைதான். ஆனால் அதை நீங்கள் சொன்னால் போதாது, அவர்கள் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி, வாரம் எத்தனை மணி நேரம், விடுமுறை நாளில்தான், கம்பெனி லேப்டாப்பும் கோடும் (புரோகிராம் வரிகள்) பயன்படுத்த மாட்டேன், இவ்வளவு சன்மானம் என்று எழுதி ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். ஒன்றரை வருடமாக வாங்காமல் எடுத்திருந்தால் இந்த வாரமே வாங்குங்கள். சன்மானத்தில் டி.டி.எஸ். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். சம்பளம் மட்டும் வாங்குகிறவர்கள் போடும் படிவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

ஆனால் "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கல்லூரியை விட்டு மறுபடி சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த பிறகும் சனிக்கிழமை வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2017இல் டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷன் பற்றி நடத்த வேண்டியிருந்தது. தயார் செய்ய உட்கார்ந்தபோது, "ஐசொலேஷன் லெவல்" (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கலாம் என்ற அளவு) என்பதைப் பல வருடமாக வெறும் பெயராகவே தெரிந்து வைத்திருந்தேன் என்று புரிந்தது. மாணவர்கள் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று மூன்று ராத்திரி இரண்டு ஸ்கிரீன் திறந்துவைத்து, ஒரே பஸ்ஸின் கடைசி சீட்டை இரண்டு கவுன்ட்டரில் ஒரே நேரத்தில் விற்பது போல எழுதிச் செய்து பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், நாம் எதுவும் சொல்லாவிட்டால் "ரீட் கமிட்டட்" (மற்றவர் முடித்து உறுதி செய்ததை மட்டும் படிக்கும்) நிலையில் இயங்கும். இரண்டு கவுன்ட்டரும் "1 சீட்டு இருக்கிறது" என்று படிக்கும், இரண்டும் விற்றுவிடும். அது என் கண் முன்னால் நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஆபீஸில் ஸ்டாக் எண்ணிக்கை அவ்வப்போது ஒன்று இரண்டு குறைகிறது, காரணம் தெரியவில்லை என்று பெரிய குழப்பம். லாகைப் (சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவு) பார்த்ததும் எனக்கு அந்த பஸ் சீட்டுதான் ஞாபகம் வந்தது. அரை நாளில் சரி செய்தோம். வகுப்பு எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. மேனேஜரிடம் வாதம் செய்ய வேண்டாம். உங்கள் வேலையில் இந்த மாதிரி ஒன்று நடக்கும்போது, "இது சனிக்கிழமை வகுப்புக்குப் படித்தது" என்று மட்டும் சொல்லுங்கள்.

கம்பெனிக்குள்ளேயே சொல்லிக்கொடுக்கும் வேலையும் நிறைய இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி, டிசைன் டாக்குமென்ட் எழுதுவது, கோட் ரிவ்யூவில் ஜூனியர் ஒருவருக்கு "ஏன் இப்படி" என்று பொறுமையாக விளக்குவது. டெக் லீட், ஆர்க்கிடெக்ட் என்று மேலே போகிறவர்களின் நாளில் பாதி இதுதான். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் கம்பெனிகளில் மதிப்பும் உண்டு. சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோ 20 வருடமாகத் தன் செலவிலேயே ஒரு பள்ளி நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, பட்டம் இல்லாமலே இன்ஜினியர் ஆக்குகிறது. தமிழக அரசின் "நான் முதல்வன்" என்ற திறன் பயிற்சித் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து கல்லூரிகளுக்குள் வெளியாட்கள் போய்ப் பயிற்சி கொடுப்பதும் சாதாரணமாகிவிட்டது. வேலை வேறு, கற்பித்தல் வேறு என்று நீங்கள் நினைப்பது போல நடுவில் பெரிய சுவர் ஒன்றும் இல்லை. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் 1965இல் ஐ.ஐ.டி. கான்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தனிப் படிப்பாகத் தொடங்கிவைத்தார். அவர் படித்தது மின் பொறியியல். கம்ப்யூட்டர் நாட்டுக்கே புதிதாக இருந்த காலத்தில், மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் பாடப் புத்தகமும் எழுதினார். நம் துறையின் முதல் தலைமுறை வாத்தியார்கள் இப்படித்தான் இருந்தார்கள்.

சரி, தகுதிக் கேள்விக்கு வருவோம். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் தெரியாததில் தப்பில்லை. "அது அப்படித்தாம்மா" என்று சொன்னதுதான் தப்பு. அந்தப் பதிலைக் கேட்ட பிள்ளை இரண்டாவது தடவை கேள்வி கேட்காது. அடுத்த பெஞ்சில் இருப்பவனும் கேட்க மாட்டான். "எனக்குத் தெரியலம்மா, அடுத்த வாரம் சொல்றேன்" என்றால் போதும், மறக்காமல் அடுத்த வாரம் சொன்னால் போதும். உங்களிடம் இல்லாதது அறிவு என்று எனக்குத் தோன்றவில்லை. கற்பிப்பது தனியாகப் பழக வேண்டிய ஒரு கைத்தொழில். அதற்கு 10 வருட சாஃப்ட்வேர் அனுபவம் கைகொடுக்கும், ஆனால் அதுவே போதாது. இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டியது அந்தத் தொழிலைப் பழகுவதுதான்.

நான் பழகியதில் சிலவற்றைச் சொல்கிறேன். பி.பி.டி.யில் தயாராக எழுதி வைத்த புரோகிராமைக் காட்டாதீர்கள். அவர்கள் முன்னால் டைப் செய்யுங்கள். தப்பு வரும், வரட்டும். பைத்தான் பிழைச்செய்தியில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. நீங்கள் திணறி, கடைசி வரிக்குப் போய், அங்கிருந்து வரி எண்ணைப் பிடித்துத் திருத்துவதை நான்கு தடவை பார்த்தால் ஏறிவிடும். அப்புறம், எந்த புரோகிராமையும் ஓட்டுவதற்கு முன்னால் "என்ன வரும், காகிதத்தில் எழுது" என்று சொல்லுங்கள். எழுதிய பிறகு ஓட்டினால், தான் நினைத்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளி அவர்களை உறுத்தும். அந்த உறுத்தலில்தான் பாடம் இறங்குகிறது.

உதாரணங்களை அவர்கள் நடக்கும் தெருவிலிருந்து எடுங்கள். புரோகிராமில் வரும் ஒரு பெயரைப் பைத்தான் எங்கே தேடும் என்பது மாணவர்களை ரொம்பக் குழப்பும் இடம். நான் மீனாட்சியம்மன் கோயில் வீதிகளை வரைகிறேன். கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. ஃபங்ஷனுக்குள் (தனிப் பெயர் வைத்த சிறு கோட் பகுதி) ஒரு பெயரைக் கேட்டால் முதலில் ஆடி வீதியில் தேடும், இல்லாவிட்டால் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, கடைசியாக மாசி வீதி. அங்கேயும் இல்லையென்றால் பெயர் தெரியவில்லை என்று பிழை. பைத்தானிலும் சரியாக நான்கு சுற்றுதான். தேடல் உள்ளேயிருந்து வெளியே போகும், வெளியேயிருந்து உள்ளே வராது. மாசி வீதியில் நிற்பவருக்கு ஆடி வீதியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொன்ன அன்றைக்கே உதாரணம் எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்: ஃபங்ஷன் முடிந்ததும் அந்த ஆடி வீதியே மறைந்துபோகும், கோயில் அப்படி மறையாது. உடையும் இடத்தைச் சொல்லாவிட்டால் மாணவன் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடுவான்.

இதே மாதிரி இன்னொன்று. ஒரு லிஸ்ட்டுக்கு இரண்டாவது பெயர் வைத்தால் இரண்டாவது லிஸ்ட் உருவாகிவிட்டது என்றே நினைப்பார்கள். மீனாட்சிக்கு அங்கயற்கண்ணி என்றும் பெயர். அங்கயற்கண்ணிக்கு மாலை சாத்தினால் மீனாட்சியின் கழுத்தில் மாலை இருக்குமா இருக்காதா என்று கேளுங்கள். வகுப்பே சிரித்துக்கொண்டு பதில் சொல்லும். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் நகல் எடுப்பது பற்றி விளக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

தமிழில் விளக்குங்கள். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்களாக இருப்பார்கள். பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பைத்தானைப் பள்ளியிலேயே பார்த்திருப்பார்கள், பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. வேறு குரூப்பிலிருந்து வந்தவர்களுக்கு முதல் நாள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். லூப், ஃபங்ஷன், வேரியபிள் என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும், இன்டர்வியூவில் அவைதான் வரும். ஆனால் "ஏன்" என்பதைத் தமிழில் சொல்லுங்கள், அவர்களையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, தமிழில் சொல்லச் சொன்னதும் நின்றுவிட்டால், அந்த இடத்திலிருந்து மறுபடி நடத்த வேண்டும் என்று அர்த்தம். வகுப்பு முடியும்போது துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், புரியாத ஒன்றை எழுதிக் கேளுங்கள். கடைசி பெஞ்ச் பேசும் ஒரே வழி அது.

ஒரு வகுப்புக்கு முதல் தடவை தயாராக, வகுப்பு நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். அடுத்த செமஸ்டரில் பாதியாகக் குறையும். அதனால் ஒரே பேப்பரை மூன்று முறை எடுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் புதுப் பேப்பர் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். வீட்டில் குழந்தை, டி.வி. என்று நிம்மதி இல்லாவிட்டால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தது. அங்கே உட்கார்ந்து தயார் செய்யலாம்.

ஏ.ஐ. பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாணவர்கள் இப்போது பிழையில்லாத கோடைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். "இந்த வரி எதுக்கு?" என்றால் விழிக்கிறார்கள். முன்பு ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதியது போலத்தான் இதுவும். நான் கோடு எழுதி வரச் சொல்வதைக் குறைத்துவிட்டேன். கோடைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்கிறேன். லீப் வருடம் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்று, 4ஆல் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. 2024க்குச் சரியாக வரும், 2000க்கும் சரியாக வரும். எந்த வருடத்துக்குத் தப்பாகும் என்று கேட்டால் முதலில் வகுப்பே "எல்லாம் சரி மேம்" என்று சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் 1900 என்பார். நூற்றாண்டு வருடமாக இருந்தால் 400ஆல் வகுபட வேண்டும் என்ற விதி அப்போது அவர்களே கண்டுபிடித்த விதியாக ஆகிவிடும். உங்கள் ஆபீஸிலும் இப்போது எழுதுவதைவிடப் படித்துச் சரிபார்ப்பது கூடியிருக்கும். கோடைச் சந்தேகத்தோடு படிப்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், அதை வேலையில் தினமும் செய்கிறவர் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. நீங்கள் வேலையில் இருந்துகொண்டே வகுப்புக்கு வர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐ.டி. வளாகங்களில் வேலை செய்கிறவர்கள் வாரம் 3 மணி நேரம் ஒதுக்கினாலே இந்த ஊர்க் கல்லூரிகளின் நிலைமை எவ்வளவோ மாறும் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. நீங்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக அந்தப் பெண்ணின் கேள்வி. சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கும்போதே, "போன தடவை நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலம்மா" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். லிஸ்ட்டில் நாம் போடும் எண் தூரத்தைக் குறிக்கிறது, எத்தனையாவது பொருள் என்பதைக் குறிக்கவில்லை. மாட்டுத்தாவணியில் நிற்கும் மேலூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? 0. மெமரியிலும் அப்படித்தான். லிஸ்ட் ஆரம்பிக்கும் இடம் ஒன்று இருக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் 8 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பொருள் ஆரம்பத்திலிருந்து 0 பைட் தள்ளி, இரண்டாவது 8, மூன்றாவது 16. எண்ணை 8ஆல் பெருக்கி ஆரம்ப இடத்தோடு கூட்டினால் பொருள் கிடைத்துவிடும். 1லிருந்து எண்ணினால் ஒவ்வொரு தடவையும் 1ஐக் கழித்துவிட்டுப் பெருக்க வேண்டும். 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழியிலேயே இந்த வழக்கம் இருந்தது. அது பி மொழி வழியாக சி மொழிக்கு வந்து, பின்னால் வந்த பல மொழிகளுக்கும் பரவியது. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1982இல் இன்னொரு காரணமும் எழுதினார்: 0லிருந்து தொடங்கி 10க்கு முன்னால் நிறுத்தினால், 10இலிருந்து 0ஐக் கழித்தால் வருவதுதான் மொத்த எண்ணிக்கை. அடுத்த பகுதியை 10இல் தொடங்கினால் எதுவும் விட்டும் போகாது, இரண்டு தடவையும் வராது.

இதைச் சொல்லி முடித்ததும், 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஏன் 1இலிருந்து எண்ணுகிறார்கள், அதை யாருக்காக உருவாக்கினார்கள் என்று அடுத்த வாரம் கண்டுபிடித்து வந்து வகுப்புக்குச் சொல்லும்படி அவளிடமே கொடுத்துவிடுங்கள்.